ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.சி.க்குக் காஸ் அடிக்க வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக, ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அம்மாவின் அறையில் எட்டு வருடப் பழைய 12,000 பி.ரி.யு. ஏ.சி., இன்வேர்ட்டர் இல்லாதது. எங்கள் அறையில் இருப்பது மூன்று வருடத்து 9,000 இன்வேர்ட்டர். பழையதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து, "காஸ் குறைஞ்சு போச்சு" என்று அடித்துவிட்டுப் போகிறார். இப்போது 18இல் வைத்தாலும் குளிர் போதவில்லை. உட்பெட்டியிலிருந்து தண்ணீரும் சொட்டுகிறது. மின்பட்டியல் மாதம் 400 யூனிட்டைத் தாண்டிவிட்டது. திருத்துவதா, புதிதாக வாங்குவதா? வெளிப்பெட்டி பல்கனியில் இருக்கிறது. உடுப்பும் அங்கேதான் காயப்போடுகிறோம். சுடுதண்ணீர் கீசரை முழுநாளும் போட்டு வைக்கக்கூடாது என்பது உண்மையா?
– ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குவதா திருத்துவதா என்பதை இன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம். அதற்கு முன் அந்தக் காஸ் விஷயத்தைத் தீர்த்தாக வேண்டும்.

ஏ.சி.க்குள் இருக்கும் காஸ் எரிபொருள் அல்ல. ஓடி ஓடித் தீர்ந்துபோக அது பெற்றோலும் இல்லை, சமையல் காஸும் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது, அவ்வளவுதான். ஒழுக்கு இல்லாவிட்டால் தொழிற்சாலையில் நிரப்பிய காஸே இயந்திரத்தின் ஆயுள் முழுக்கப் போதும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை காஸ் அடிக்க வேண்டியிருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. எங்கோ ஒழுகுகிறது, அல்லது காஸ் குறையவே இல்லை, குறைந்த மாதிரித் தெரிகிறது.

இந்த இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது. உட்பெட்டியின் குழாய்ச் சுருளில் தூசு படிந்து காற்று போதாமல் போனால், சுருளுக்குள் இருக்கும் காஸுக்கு ஆவியாகத் தேவையான வெப்பம் கிடைக்காது. அழுத்தம் இறங்கிவிடும். ஆர்-410ஏ காஸ் உள்ள இயந்திரத்தில், ஓடும்போது உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஏறத்தாழ 115 முதல் 130 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். அழுக்கு அடைத்த இயந்திரத்தில் அழுத்தமானியைப் பூட்டினால் 95, 100 என்று நிற்கும். வந்தவர் அதைப் பார்த்துக் காஸ் குறைவென்று முடிவெடுத்து மேலும் அடிக்கிறார். மானியில் எண் ஏறுகிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அளவுக்கு மிஞ்சிய காஸை அழுத்திக்கொண்டு கொம்ப்ரசர் கூடுதல் கரண்ட் இழுக்கத் தொடங்குகிறது. குளிரோ கூடுவதில்லை. அடுத்த முறை வருபவர் மானியைப் பூட்டிக் கழற்றும்போது கொஞ்சக் காஸ் வெளியேறும், திரும்பவும் அடிப்பார்கள். இப்படியே வருடங்கள் போகும், காசும் போகும். கழுவாமல் மானியைப் பூட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். முதலில் கழுவுதல், பிறகு அளத்தல், காஸ் கடைசியில்.

வேலைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடிய சில உண்டு.

முன்மூடியைத் தூக்கி, தூசு பிடிக்கும் இரண்டு வடிகளையும் கழற்றுங்கள். இரவுதோறும் ஓடும் அறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவற்றைக் கழுவ வேண்டும். தூசு படிந்த பக்கத்துக்குப் பின்புறமிருந்து தண்ணீர் அடித்தால் தூசு வலைக்குள் செருகாமல் வெளியே வரும். சுடுதண்ணீர் வேண்டாம், வடி நெளிந்துவிடும். நிழலில் உலரட்டும். ஈரத்தோடு மாட்டினால் அடுத்த வாரமே பூஞ்சண மணம் வரும்.

பிறகு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, காற்று வரும் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உருளை மாதிரி ஒரு விசிறி தெரியும். அதன் மெல்லிய இலைகள் ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல ஒட்டியிருந்தால், காற்றில் கணிசமான பங்கு அங்கேயே தொலைகிறது. வடியை எத்தனை தரம் கழுவினாலும் அந்த அழுக்குப் போகாது. எட்டு வருட இயந்திரத்தில் இந்த உருளையைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். "சேர்விஸ்" என்ற பெயரில் பெரும்பாலும் செய்யாமல் விடப்படுவது இந்த ஒன்றுதான்.

மூன்றாவது, ஒரு வெப்பமானி. ஏ.சி.யை 15 நிமிடம் ஓடவிட்டு, மேலே காற்று உள்ளே போகுமிடத்திலும் கீழே குளிர்காற்று வருமிடத்திலும் அளவெடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் சுகமாக இருக்கிறது. கொழும்பு ஈரப்பதத்தில் 8க்குக் கிட்டவே நிற்பது வழமை. மழைநாளில் ஒரு பாகை குறைந்தாலும் பயப்பட வேண்டாம். 5 என்றால் எங்கோ கோளாறு.

நான்காவது, மீற்றர். மின்பெட்டியில் ஏ.சி.யின் பிரேக்கரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் நிறுத்துங்கள். கதவைத் திறக்காதவரை குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. இலக்க மீற்றரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கம் என்று மீற்றரிலேயே எழுதியிருக்கும். 1,000 என்றால், 12,000 பி.ரி.யு. இயந்திரம் இடைவிடாது ஓடும்போது நிமிடத்துக்கு 18 அளவில் மினுங்க வேண்டும். அதாவது மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட்டும் சொச்சமும். 25, 26 என்று ஓடினால் வெளிப்பெட்டி அடைபட்டிருக்கிறது, அல்லது காஸ் மிதமிஞ்சி இருக்கிறது, அல்லது கொம்ப்ரசரின் கப்பாசிற்றர் பலமிழந்திருக்கிறது. கொம்ப்ரசர் ஓட உதவும் இந்தக் கப்பாசிற்றர் மலிவான பாகம். இந்த அளவு இயந்திரத்துக்குப் பெரும்பாலும் 30 அல்லது 35 மைக்ரோபரட். அளந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும், ஆனால் கேட்காவிட்டால் அளக்கமாட்டார்கள்.

தண்ணீர் சொட்டுவதற்கு வருவோம். கொழும்பு ஈரக்காற்றில் 12,000 பி.ரி.யு. ஏ.சி. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலும் தண்ணீர் கறக்கும். அது உள்ளே ஒரு தட்டில் விழுந்து குழாயால் வெளியே போக வேண்டும். தட்டிலும் குழாயிலும் கொழகொழவென்று பாசி மாதிரி அடைத்தால் தண்ணீர் முன்பக்கமாக வழியும். தட்டில் ஒரு லீற்றர் தண்ணீரை மெல்ல ஊற்றி, வெளிமுனையில் அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வெளிமுனையிலிருந்து உறிஞ்சி எடுப்பதே நல்லது. உள்ளிருந்து ஊதினால் அடைப்பு சிலவேளை இறுகிவிடும், குழாயின் மூட்டும் சுவருக்குள் கழன்றுபோகும்.

பல்கனியில் குழாய் முனையை வாளிக்குள்ளோ போத்தலுக்குள்ளோ விட்டிருக்கிறீர்களா? முனை தண்ணீரில் மூழ்கியதும் குழாய்க்குள் காற்று அடைபட்டு நீர் பின்வாங்கும். அதைவிட முக்கியம், அந்தத் தெளிந்த நீர்தான் டெங்கு நுளம்புக்குப் பிடித்த இடம். வாளி வைப்பதானால் முனை நீர்மட்டத்துக்கு மேல் நிற்கட்டும், நாள்தோறும் ஊற்றிவிடுங்கள். பூச்சாடிக்கு ஊற்றலாம், குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

சொட்டுவதோடு உட்பெட்டியின் சுருளில் வெள்ளையாக உறைபனியும் பிடித்திருந்தால் அது எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள். சுருள் முழுவதும் ஒரே சீராக இருந்தால் காற்றுப் போதவில்லை. ஒரு மூலையிலும் மெல்லிய குழாயைச் சுற்றியும் மட்டும் பிடித்து மற்றப் பகுதி காய்ந்திருந்தால் காஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. இதைக் கைபேசியில் படம் எடுத்து வேலைக்காரரிடம் காட்டுங்கள். அவர் வரும் நேரத்துக்குள் பனி உருகிவிடும்.

இனி வெளிப்பெட்டி. உங்கள் வீட்டில் இதுதான் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும். அறையில் எடுத்த வெப்பம் முழுவதையும், கொம்ப்ரசரின் வெப்பத்தையும் சேர்த்து, அது வெளியே கொட்டியாக வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலின் உப்பை நேரே உங்கள் பல்கனிக்குக் கொண்டுவருகிறது. உப்பு அலுமினியத் தகடுகளில் படிந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் அரிப்புத் தொடங்கும். தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். பார்வைக்குச் சுருள் முழுசாக இருக்கும், தொட்டால் சாம்பல்போலக் கொட்டும். வெப்பத்தைக் கடத்தத் தகடு இல்லாவிட்டால் கொம்ப்ரசர் இன்னும் கூடிய அழுத்தத்தில் ஓட வேண்டும். அந்தக் கரண்ட் எல்லாம் உங்கள் மின்பட்டியலில்தான் வரும்.

இதற்கு மருந்து வெறும் குழாய்த் தண்ணீர். கடற்காற்று நேரே படும் வீட்டில் மாதம் ஒருமுறை, பருவக்காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பிரேக்கரை நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, தோட்டக் குழாயால் அல்லது பூச்செடிக்கு மருந்தடிக்கும் கைப் பம்பியால் மெல்ல நனையுங்கள். மின் இணைப்புகள் இருக்கும் பக்கமூடி மேல் அடிக்காதீர்கள். வாகனம் கழுவும் அழுத்தப் பம்பி கூடவே கூடாது. தகடுகள் மடிந்து காற்றுவழி அடைபடும். வேலைக்காரர் போத்தலில் கொண்டுவரும் அசிட் கலந்த திரவமும் வேண்டாம். சுருள் உடனே பளபளக்கும், ஆனால் தகட்டுக்குக் காப்பாக இருந்த நீலப் பூச்சையும் அதுவே தின்றுவிடும். பெட்டியின் பின்பக்கம் கைக்கு எட்டாவிட்டால் பல்கனிக்கு வெளியே சாய்ந்து கழுவ முயலவேண்டாம், அதை ஆளை வைத்துச் செய்வியுங்கள். அவர் வரும்போது பெட்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த தாங்கி ஒடிந்தால் முப்பது கிலோ எடை மூன்றாம் மாடியிலிருந்து விழும். மாற்றுவதானால் நாகம் பூசிய தாங்கியும் துருப்பிடியா உருக்கு ஆணிகளும் போடுங்கள்.

உடுப்பை இன்றைக்கே இடம் மாற்றுங்கள். வெளிப்பெட்டியின் முன் சூடான காற்று வருவதால் உடுப்பு கெதியாகக் காயும், உண்மைதான். ஆனால் முன்னே தொங்கும் ஒரு படுக்கைவிரிப்பு அந்தச் சூட்டைத் திருப்பிப் பெட்டிக்கே அனுப்புகிறது. அது தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. முன்பக்கம் குறைந்தது இரண்டடியாவது வெறுமையாக இருக்க வேண்டும், பின்பக்கம் நான்கு அங்குலமாவது. பறவைக்கு வலை அடித்திருந்தால் கண் பெரிய வலையாக இருக்கட்டும். நுளம்பு வலையை வெளிப்பெட்டிக்கு முன்னால் அடிக்கக்கூடாது.

எல்லாம் கழுவி முடிந்த பிறகும் வெப்பமானி 5 பாகைதான் காட்டுகிறதென்றால் ஒழுக்கைத் தேடலாம். வேலைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள், கேட்பதற்குத் தயங்க வேண்டாம். குழாய்கள் இணையும் பிளேயர் நட்டுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? காஸோடு எண்ணெயும் வரும் என்பதால் ஒழுக்கு இருக்குமிடத்தில் பிசுபிசுப்பும் தூசும் சேர்ந்திருக்கும். சவர்க்கார நுரை வைத்துப் பார்க்கலாம். நட்டில் ஒழுக்கு என்றால் முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டுவது சின்ன வேலை. பழைய நட்டை இன்னும் இறுக்குவது வேலையல்ல, விரித்த செப்பு வெடித்துவிடும். அதன்பின் நைதரசன் ஏற்றி ஒரு மணித்தியாலமாவது அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெற்றிடப் பம்பியால் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, வெற்றிடமானியில் 500 மைக்ரோனுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். கொஞ்சக் காஸைத் திறந்துவிட்டு "காற்றைத் தள்ளியாச்சு" என்பவரை அனுப்பிவிடுங்கள். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்ப்ரசரின் சுற்றுக்கம்பியைத் தின்னும்.

காஸை மானி பார்த்து அல்ல, தராசில் நிறுத்தே போட வேண்டும். எத்தனை கிராம் என்பது வெளிப்பெட்டியின் தகட்டில் பொறித்திருக்கும். உங்கள் அளவுக்கு 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கும். ஆர்-410ஏ இரண்டு காஸ்களின் கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவை விகிதம் மாறும். உங்கள் இன்வேர்ட்டரில் ஆர்-32 இருக்கக்கூடும். அது மெதுவாகத் தீப்பற்றக்கூடியது, ஆகவே அது திறந்திருக்கும்போது பக்கத்தில் தீயோ சிகரெட்டோ கூடாது. ஒன்றுக்குரிய காஸை மற்றதற்குப் போடவே கூடாது. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: 700 கிராம் ஆர்-410ஏ காற்றில் கலந்தால், புவி வெப்பமடைவதைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ ஒன்றரைத் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடிப்பது பணத்துக்கு மட்டும் கேடல்ல.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஒழுக்கு நட்டில் என்றால் திருத்துங்கள். உட்சுருளிலோ வெளிச்சுருளிலோ ஊசித்துளை விழுந்திருந்தால் எட்டு வருட இயந்திரத்துக்குப் புதுச் சுருள் வாங்காதீர்கள். துளையை ஒட்டவும் வேண்டாம், உப்பு அரித்த குழாயில் ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று காத்திருக்கும். அந்த நிலையில் மாற்றுவதே புத்தி.

மாற்றினால் என்ன மிச்சம்? சுத்தமாக இருக்கும் 12,000 பி.ரி.யு. சாதாரண ஏ.சி. எட்டு மணித்தியால இரவுக்கு ஐந்தரை, ஆறு யூனிட் எடுக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வேர்ட்டர், அறைக்குப் பொருத்தமானதாக இருந்தால், அதே இரவுக்கு மூன்று, மூன்றரை யூனிட்டில் முடித்துவிடும். மாதத்துக்கு 60, 70 யூனிட்டாவது குறையும். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது; குறையும் யூனிட்டுகள் எப்போதும் மேல்படியிலிருந்தே, அதாவது ஆகக் கூடிய விலையிலிருந்தே குறையும். ஆகவே பட்டியலின் கடைசிப் படியில் யூனிட்டுக்கு என்ன விலை என்று பார்த்து, அதால் பெருக்குங்கள், சராசரியால் அல்ல. 12,000 இருந்த இடத்தில் 12,000தான் வேண்டும் என்றும் இல்லை. அம்மாவின் அறை 120 சதுர அடிக்குள் இருந்து, மேலே வேறொருவர் வீடு இருந்தால் 9,000 போதும். மேற்கு வெயில் முழுவதும் படும் சுவரோ மொட்டைமாடிச் சிலாப்போ இருந்தால் மட்டும் 12,000. பெரிதாக வாங்கினால் கெதியாகக் குளிர்ந்து கெதியாக நிற்கும், ஈரம் போகாது. அறை குளிராக இருந்தும் போர்வை பிசுபிசுக்கும்.

18 என்ற இலக்கத்தையும் விட்டுவிடுங்கள். இன்வேர்ட்டர் இல்லாத இயந்திரத்துக்கு ஓடுவது, நிற்பது என்ற இரண்டு நிலைதான். 18இல் வைத்தால் வேகமாகக் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவே. 26இல் வைத்துச் சீலிங் விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஏறத்தாழ ஐந்து சதவீதம் மிச்சமாகும். விசிறி எடுப்பது 60, 70 வாட்தான். அம்மாவின் வயதுக்கும் 26, 27 தான் இதம். காற்று கட்டில் மேல் நேரே விழாமல் மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள்.

மேற்கு யன்னலுக்கு உள்ளே போடும் திரையைவிட வெளியே போடும் மறைப்புப் பலமடங்கு பயன் தரும். கண்ணாடியைத் தாண்டிய வெயில் அறைக்குள்தான் நிற்கும். வெளியே மூங்கில் தட்டி கட்டத் தொடர்மாடி நிர்வாகம் விடாவிட்டால், வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள தடித்த திரையைப் போடுங்கள். இரவில் ஏ.சி. போடுவதற்குமுன் பத்து நிமிடம் யன்னலைத் திறந்து அடைபட்ட சூட்டை வெளியேற்றுங்கள். பழைய வீடுகளில் கதவுக்கு மேல் விடும் காற்றுத் துவாரம் உங்கள் அறையில் இருந்தால் மூடவேண்டும். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதற்கொரு இறப்பர்ப் பட்டி போடுங்கள். ஈர உடுப்பை ஏ.சி. அறைக்குள் காயப்போடுவது மட்டும் வேண்டாம், அந்த ஈரத்தை எல்லாம் ஏ.சி.தான் இழுக்க வேண்டும்.

உங்கள் 9,000 இன்வேர்ட்டருக்கு இப்போதைக்கு கழுவுதல் மட்டும் போதும். அதன் பலவீனம் சர்க்கிட் போர்ட். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் வரும்போது ரிமோட்டால் நிறுத்துவது போதாது, பிரேக்கரையே இறக்குங்கள். வெளிப்பெட்டியின் வயர் நுழையும் துளையில் பல்லியும் எறும்பும் புகாமல் அடைத்துவிடுங்கள். போர்ட்டின் மேல் பல்லி விழுந்து எரிந்துபோன இன்வேர்ட்டர்கள் இந்த ஊரில் ஏராளம்.

கீசர் பற்றி. தொட்டி வைத்த கீசர் என்றால் நீங்கள் கேள்விப்பட்டது சரி. யாரும் தண்ணீர் திறக்காவிட்டாலும் தொட்டி சூட்டை இழந்து இழந்து திரும்பச் சூடாகும். 15 லீற்றர்த் தொட்டியைக் குழாய்த் தண்ணீரின் 28 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் தேவை. 2,000 வாட் கீசருக்கு அது பதினேழு நிமிட வேலை. குளிக்கப் போவதற்கு இருபது நிமிடம் முன் போட்டு, குளிக்க இறங்கும்போது நிறுத்துங்கள். அம்மாவுக்குக் காலையும் மாலையும் சுடுதண்ணீர் வேண்டுமென்றால் காலையில் ஒன்று, மாலை ஆறரைக்கு முன் ஒன்று. அதன்பின் பத்தரைவரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று வருடமாகத் திறக்காத தொட்டி என்றால், ஆளைக் கூப்பிடும் அன்றைக்கே தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட உள்ளே வைத்திருக்கும் மக்னீசியக் கோலையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்ததாகத் தொட்டியே அரிக்கத் தொடங்கும்.